சூனிய வழக்குக் காகிதங்களை வாசிப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர் வட்டங்களுக்கு ஒரு கையேடு

தருமபுரியில் ஞாயிறு காலைகளில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு அமர்ந்து பழைய ஆவணங்களை வாசித்துவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் கூட்டத்தில் ஒருவராவது தயங்கித் தயங்கி இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: “ஐயா, நம்ம சேலத்துலயா இத்தனை பேரைச் சூனியக்காரின்னு சொல்லித் தூக்குல போட்டாங்க?” சிரித்து ஒதுக்க வேண்டிய கேள்வி அன்று இது. 1965 அக்டோபர் 2 வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். பத்திரங்களைப் புரட்டும் பெரியவர்கள் இன்றும் ‘பழைய சேலம் ஜில்லா’ என்றே சொல்கிறார்கள். இணையத்தில் ஆங்கில எழுத்தில் தேடினாலோ, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம் என்னும் ஊரும் நம் ஊரும் ஒரே எழுத்துகளோடு வந்து நிற்கின்றன. அந்த ஊரின் பெயர், அமைதி என்னும் பொருளுடைய எபிரேயச் சொல்லிலிருந்து விவிலியத்தின் வழியே வந்தது. நம் சேலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பெயர்க் குழப்பத்தால் உள்ளே வந்த மாணவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. ஆங்கிலேயக் குடியேற்ற ஊரான அந்தச் சேலத்தில், வலிப்பு வந்த சிறுமிகள் சிலர் சூனியத்தால் வதைபடுவதாகச் சொன்னதிலிருந்து எழுந்து, 1692ஆம் ஆண்டு நடந்த சூனிய வழக்குகளின் காகிதங்கள், பொய்க் குற்றச்சாட்டு ஒன்று எப்படி எழுதப்படுகிறது, எப்படி வளர்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றவை. எஞ்சியவை பெரும்பாலும் அச்சாகியுள்ளன. வர்ஜீனியா பல்கலைக்கழகம் அவற்றை இணையத்திலும் கட்டணமின்றி வைத்திருக்கிறது. அங்கே பழகிய கண்ணோடு சென்னை மாகாணத்தின் பழைய காகிதங்களைப் பார்த்தால், நம் மண்ணில் எழுதப்பட்டவையும் வேறு விதமாகத் தெரியத் தொடங்கும். ஐந்தாறு பேர், ஒரு மடிக்கணினி, கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்று, ஏழெட்டு வாரப் பொறுமை ஆகியவை இருந்தால் போதுமானது.

முதலில் கழிக்க வேண்டியவை

வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே, கேள்விப்பட்டு மனத்தில் படிந்துவிட்ட சில தவறுகளைக் கழித்துவிட வேண்டும். அந்தச் சேலத்தில் எவரையும் தீயில் எரிக்கவில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளில் எரித்தார்கள். ஆங்கிலேயச் சட்டத்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள், ஐவர் ஆண்கள். கைல்ஸ் கோரி என்னும் எண்பது வயதைக் கடந்த விவசாயி, விசாரணைக்கு உட்பட மறுத்ததால் அவர் மார்பின் மேல் பாறாங்கற்களை ஏற்றினார்கள். அதில் அவர் இறந்தார். இன்னும் ஐவராவது சிறையிலேயே மாண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கையோ 150ஐத் தாண்டும்.

அடுத்தது, ‘இந்தியர்’ என்னும் சொல். முதன்முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருத்தியான டிட்டுபாவைக் காகிதங்கள் ‘இந்தியப் பெண்’ என்றே குறிக்கின்றன. எங்கள் வட்டத்தில் ஒரு மாணவி, நம் நாட்டுப் பெண் ஒருத்தி அங்கே போய் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்து ஒரு வாரம் முழுவதும் வருந்தியிருந்தாள். அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடியினரையே அவர்கள் அப்படி அழைத்தார்கள். டிட்டுபா, சேலம் கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டில் அடிமையாக இருந்தவள்.

மூன்றாவது, தேதிக் கணக்கு. அக்காலத்து ஆங்கிலேயர்களுக்கு ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே சனவரி, பிப்ரவரி, மார்ச் மாதக் காகிதங்களில் 1691 என்றோ இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தோ எழுதியிருப்பார்கள். நோட்டில் எழுதும்போது அனைத்தையும் 1692 என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிப்ரவரி 29இல் பிறப்பிக்கப்பட்ட முதல் பிடியாணை, அதே ஆண்டு ஜூனில் நடந்த விசாரணைக்கு ஓராண்டுக்கு மேல் முந்தியதாகத் தோன்றிவிடும்.

காகிதங்களைப் பிரித்தல்

நம் ஊர் வழக்குக் கட்டு ஒன்றில் புகார் மனு, முதல் தகவல் அறிக்கை, சாட்சி வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று வெவ்வேறு தாள்கள் இருப்பதைப்போல, சேலத்துக் காகிதங்களிலும் புகார், பிடியாணை, முதல்நிலை விசாரணைக் குறிப்பு, சாட்சிகளின் வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, கைதிகளின் விண்ணப்பம், தூக்கு ஆணை ஆகியவை தனித்தனியே உள்ளன. அவற்றைக் கலந்து படிக்காமல் வகைபிரித்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த ஆண்டு மே மாத இறுதியில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அமைத்த சிறப்பு நீதிமன்றத்தின் நடவடிக்கைப் புத்தகம் காணாமற்போய்விட்டது. நம் கையில் இருப்பது பெரும்பாலும் விசாரணைக்கு முன்னும் புறம்பும் எழுதப்பட்டவை. குற்றம் சாட்டியவர்களின் சொற்கள் தாராளமாக எஞ்சியிருக்கின்றன. மறுத்தவர்களின் சொற்கள் குறைவு. இந்தச் சாய்வைக் கணக்கில் கொள்ளாமல் வாசிப்பவர், கூட்டத்தின் குரலையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

சிறைக் காவலர்களின் பற்றுச்சீட்டுகளைத் தவறவிடாதீர்கள். முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூவரில் மற்ற இருவரான சாரா குட், சாரா ஆஸ்போர்ன் ஆகியோருக்குப் பூட்டிய சங்கிலிகளுக்கும், சாரா குட்டின் குழந்தைக்கு வாங்கிய கம்பளிகளுக்கும் பாஸ்டன் சிறைக் காவலர் எழுதிய கணக்கு இன்றும் இருக்கிறது. கைதி தன் உணவுக்கும் தன்னைக் கட்டிய சங்கிலிக்கும் தானே பணம் கட்ட வேண்டும். வழக்கிலிருந்து விடுபட்டவர்களும் அந்தக் கணக்கைத் தீர்க்காமல் வெளியே வர முடியவில்லை. எந்தச் சாட்சியத்தையும்விட இந்தக் கணக்குச் சீட்டுகளே என் மாணவர்களை நெடுநேரம் பேசாமல் உட்கார வைக்கின்றன.

கேள்வியை முதலில் வாசியுங்கள்

விசாரணைக் குறிப்பு கையில் கிடைத்ததும் எல்லோரும் பதிலைத்தான் தேடுவார்கள். பதில்களைக் கையால் மறைத்துக்கொண்டு, கேள்விகளை மட்டும் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். 1692 மார்ச் 1 அன்று சாரா குட்டை விசாரித்த நீதிபதி ஜான் ஹாத்தார்னின் கேள்விகள் இந்த வரிசையில் வருகின்றன: எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம்? சாத்தானோடு நீ உடன்படிக்கை செய்துகொள்ளவில்லையா? இந்தக் குழந்தைகளை ஏன் வதைக்கிறாய்? நீ செய்யவில்லையென்றால் யாரை ஏவிச் செய்கிறாய்? நடந்தது என்ன என்று கேட்கும் கேள்வி ஒன்றுகூட இவற்றில் இல்லை. குற்றம் நடந்துவிட்டது, செய்தவள் இவள்தான் என்பது முடிவாகிவிட்டது. எப்படி என்பது மட்டுமே கேட்கப்படுகிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறாள். ‘இல்லை’ என்பதை ஏற்கும் இடம் அந்தக் கேள்விகளில் எங்கும் இல்லை.

பிரிட்ஜெட் பிஷப் என்னும் பெண்ணின் விசாரணை இதைவிடத் தெளிவானது. சூனியக்காரி என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னபோது, அப்படியானால் நீ சூனியக்காரி இல்லை என்பது மட்டும் உனக்கு எப்படித் தெரியும் என்று ஹாத்தார்ன் திருப்பிக் கேட்டார். இந்த ஒரு கேள்வியை மாணவர்கள் தம் சொந்தச் சொற்களில் எழுதிப் பார்க்கட்டும். பள்ளியில் பேனா திருடுபோனபோது, வீட்டில் நகை காணாமற்போனபோது, தங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அந்தப் பக்கத்தில் வந்து சேரும்.

கேட்டவர், குறித்தவர், மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். மௌனத்தையும் ஒரு பதிலாக யார் எழுதினார் என்று பாருங்கள். ரெபெக்கா நர்ஸ் 71 வயது மூதாட்டி, தேவாலயத்தில் மதிப்புப் பெற்றவர். அவருக்காக அக்கம்பக்கத்தார் 39 பேர் கையெழுத்திட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். நடுவர் குழு முதலில் அவர் குற்றமற்றவர் என்றே சொன்னது. பிறகு, இன்னொரு கைதியைக் குறித்து ‘எங்களில் ஒருத்தி’ என்று அவர் சொன்ன சொல்லுக்கு விளக்கம் கேட்டார்கள். காது மந்தமானவர், துயரத்தில் ஆழ்ந்திருந்தவர், கேள்வி விழாததால் பதில் சொல்லவில்லை. உடன் சிறைப்பட்டவள் என்னும் பொருளில் சொன்ன சொல், உடன் சூனியம் செய்தவள் என்று கொள்ளப்பட்டது, தீர்ப்பு மாறியது. 1692 ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

‘இல்லை’ என்பதற்கு என்ன விலை

இந்தக் கையேட்டில் ஒரு பகுதியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். நோட்டில் பத்தி பிரித்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, குற்றம் சாட்டப்பட்ட நாள், ஒப்புக்கொண்டாரா மறுத்தாரா, பின்னர் என்ன ஆயிற்று ஆகியவற்றை எழுதுங்கள். இருபது பெயர் முடிவதற்குள் பட்டியலே பேசிவிடும். ஏறத்தாழ ஐம்பது பேர் தாங்கள் சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலில் நின்ற எவரையும் தூக்கிலிடவில்லை. தூக்குமரம் ஏறிய 19 பேரும் சாகும்போது மறுத்து நின்றவர்கள். அவர்களில் சாமுவேல் வார்ட்வெல் என்பவர் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அது பொய் என்று திரும்பப் பெற்றார். செப்டம்பர் 22 அன்று தூக்கிலிடப்பட்ட எண்மரில் அவரும் ஒருவர். உண்மை பேசியவன் செத்தான், பொய் பேசியவன் பிழைத்தான் என்று ஆகிவிட்ட ஊரில், ஒப்புதல் வாக்குமூலங்கள் பெருகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டவர்களிடம் கூட்டாளிகளின் பெயரும் கேட்கப்பட்டதால், ஒவ்வோர் ஒப்புதலும் புதிய பிடியாணைகளை ஈன்றது. டிட்டுபாவின் ஒப்புதல் இதற்குத் தொடக்கம்.

ஆகவே ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தை வாசிக்கும்போது, இதில் சொல்லியிருப்பது நம்பும்படி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், இவர் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் என்ன விலை கொடுத்திருப்பார் என்று கேளுங்கள். விலை சில இடங்களில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பின்னர் தூக்கிலிடப்பட்ட ஜான் ப்ராக்டர், ஜூலை 23 தேதியிட்டுச் சிறையிலிருந்து பாஸ்டன் பாதிரியார்களுக்கு எழுதிய கடிதத்தில், தன் மகன் ஒப்புக்கொள்ள மறுத்ததால் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் இரத்தம் வழியும்வரை வைத்திருந்தார்கள் என்று சொல்கிறார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திவிட்டு, சென்னை மாகாணத்தின் 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையை எடுப்பது வழக்கம். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் தயாரித்தது. நிலவரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் தாசில் சேவகர்களும் காவலர்களும் என்னென்ன செய்தார்கள் என்பதை அது பட்டியலிடுகிறது. விரல்களை மரப்பலகைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ அதில் உண்டு. ‘கிட்டி போடுவேன்’ என்று எங்கள் பாட்டி மிரட்டியது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதோடு ‘அண்ணாந்தாள்’ என்னும் முறையும் உண்டு: ஆளைக் குனிய வைத்து, அவன் துணியாலோ கயிற்றாலோ கழுத்தையும் கால்விரலையும் சேர்த்து இறுக்கி, வெயிலில் அப்படியே விட்டுவிடுவது. கடல் கடந்து, 163 ஆண்டு கடந்து, அதே கட்டு. இவ்வறிக்கையைத் தொடர்ந்து 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாக்க முடியாது என்னும் விதி 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக இருந்து, இப்போதைய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. திரைப்படங்களில் ‘ஒத்துக்கிட்டான்’ என்றதும் கதை முடிந்துவிடுகிறது. சட்டம் அப்படி முடிக்காததற்கு இந்தக் கயிறும் ஒரு காரணம்.

நான் சிறுவனாக இருந்தபோது பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் ஒரே மாதத்தில் மூன்று எருமைகள் செத்தன. தனியே வாழ்ந்த ஒரு கிழவி செய்வினை வைத்துவிட்டாள் என்று பேச்சு எழுந்தது. கோயில் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவள் கையை நீட்டினாள். ‘சாமிக்கே அஞ்சாதவ’ என்றது ஒரு குரல். நீட்டாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அவளுக்கும் பக்கத்து நிலக்காரருக்கும் வரப்பில் நின்ற புளியமரம் ஒன்றின் மேல் வெகுநாளாக வழக்கு இருந்தது என்பதைப் பல ஆண்டு கழித்து என் தந்தையார் சொல்லித்தான் அறிந்தேன்.

நாள் கணக்கும் வரப்புச் சண்டையும்

புளியமரத்தைத் தேடுவதுதான் அடுத்த வேலை. சேலத்துச் சாட்சிகள் சொன்னவற்றில் பெரும்பகுதி நம் ஊர்க்காரர்களுக்குச் சற்றும் அந்நியமாக இராது: மாடு செத்தது, பிள்ளைக்கு நோய் வந்தது, வண்டிச்சக்கரம் சிக்கியது, வாசலில் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நேரே இரண்டு தேதிகளை எழுதுங்கள்: அது நடந்த நாள், சாட்சி அதை வெளியே சொன்ன நாள். பிரிட்ஜெட் பிஷப் வழக்கில், அவள் வீட்டு நிலவறைச் சுவரை இடித்த வேலையாட்கள் இருவர், சுவர்ப் பொந்தில் கந்தல் பொம்மைகள் இருந்தன, அவற்றில் தலையில்லா ஊசிகள் குத்தியிருந்தன என்று சாட்சி சொன்னார்கள். நம் பக்கத்தில் ‘வைப்பு எடுத்தோம்’ என்பார்களே, அதே காட்சி. சுவரை இடித்தது 1685இல். சாட்சி சொன்னது 1692இல். ஏழு ஆண்டு யாருக்கும் அச்சம் தராத பொம்மை, ஊரே தேடத் தொடங்கிய பிறகு சான்றானது. பிஷப்பின் விசாரணை ஜூன் 2இல் நடந்தது. எட்டாம் நாள், ஜூன் 10இல், அவளைத் தூக்கிலிட்டார்கள். ஏழு ஆண்டு, எட்டு நாள் என்னும் இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து எழுதி வைத்துப் பாருங்கள்.

அதன் பிறகு கிராமத்தின் வரைபடத்தை விரித்து, குற்றம் சாட்டியவர்களின் வீடு, சாட்டப்பட்டவர்களின் வீடு, வழக்கில் இருந்த நிலம் ஆகியவற்றைப் பென்சிலால் குறியுங்கள். சாரா ஆஸ்போர்ன் தேவாலயத்துக்குப் போகாதவள் என்பது வாக்குமூலங்களில் இருக்கிறது. முதல் கணவனின் சொத்து குறித்து, பலர் மேல் புகார் கொடுத்த புட்னம் குடும்பத்தின் உறவுகளோடு அவளுக்கு இருந்த பிணக்கு வேறு காகிதங்களில் இருக்கிறது. சேலம் கிராமம் சேலம் நகரத்திலிருந்து பிரிய விரும்பியது, பாதிரியார் பாரிஸுக்குச் சம்பளமும் விறகும் கொடுப்பதில் ஊர் இரண்டுபட்டிருந்தது, வடக்கே பழங்குடியினரோடு நடந்த போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அச்சத்தோடு அங்கே குடியேறியிருந்தார்கள் என்பனவெல்லாம் சேர்த்து எண்ணப்பட வேண்டியவை.

ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் விளக்க முயல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பூஞ்சை தாக்கிய ‘ரை’ என்னும் தானியத்தின் ரொட்டியைத் தின்றதால்தான் சிறுமிகளுக்கு வலிப்பு வந்தது என்று 1976இல் ஒரு கருத்து எழுந்தது. நம் கம்பங்கொல்லைகளில் வரும் தேன் ஒழுகல் நோயின் இனத்தைச் சேர்ந்த பூஞ்சைதான் அது என்பதால், விவசாய வீட்டு மாணவர்களை இந்தக் கருத்து உடனே பற்றிக்கொள்கிறது. அதே ஆண்டே அதற்கு வலுவான மறுப்பும் எழுதப்பட்டது. ரொட்டி வலிப்பைத் தரலாம். வலிப்பு வந்த சிறுமி, ஊரில் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை ரொட்டி முடிவு செய்யாது.

மறுக்கவே இடமில்லாத காகிதம்

இவ்வளவு பழகிய பிறகு நம் பக்கத்துக்குத் திரும்பலாம். பாராமகால் எனப்பட்ட நம் பகுதி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது முதல் இங்கே காகிதங்கள் பெருகத் தொடங்கின. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே அவற்றைத் தேட வேண்டிய இடம். பயிற்சிக்கு இரண்டு வகைக் குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

முதலாவது நம் சேலத்திலேயே நடந்தது. 1882இல் மசூதி ஒன்றையும் ஊர்வலப் பாதையையும் குறித்து எழுந்த பிணக்கு கலவரமாக முடிந்தது. அதைத் தூண்டியதாக, நகராட்சி உறுப்பினரும் வழக்கறிஞருமான சி. விஜயராகவாச்சாரியார் மேல் குற்றம் சாட்டி, பத்தாண்டுச் சிறைத்தண்டனையும் விதித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னாளில், 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஆங்கிலம் அறிந்த, சட்டம் அறிந்த ஒருவருக்கு மறுப்பதற்கு நேரமும் இடமும் இருந்தன. மாசசூசெட்ஸில் பிரிட்ஜெட் பிஷப்புக்கு எட்டு நாள்தான் இருந்தது. இந்த ஒப்பீட்டை எழுதும்போது, அவரிடம் இருந்த படிப்பும் பணமும் இல்லாத ஒருவர் அதே கலவரத்தில் பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தனியாள் எவரையும் குறித்ததன்று. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது; கைரேகை எடுத்துப் பதிந்ததால் தென்மாவட்டங்களில் மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். ஒரு கும்பலையோ குலத்தையோ குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பே முடிவான சான்று, எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று 1871ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சேலம் பெயரையே அடைமொழியாகக் கொண்ட குறவர் பிரிவுகள் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருப்பது அந்தப் பதிவேட்டின் எச்சம். சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952லும் சட்டம் நீங்கியது. அந்தக் காகிதங்களில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. சாரா குட்டால் ‘இல்லை’ என்று சொல்லவாவது முடிந்தது. பிறப்பைக் குற்றமாக எழுதிய பதிவேட்டில் அந்தச் சொல்லை எழுதப் பத்தியே கிடையாது. ஆகவே உங்கள் நோட்டில் ‘ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா’ என்னும் பத்திக்கு நேரே ‘கேட்கப்படவில்லை’ என்று எழுத வேண்டியிருக்கும்.

வகுப்பறைக்கு வெளியே

உயிரோடு இருப்பவர்கள் மேல் எழுந்த செய்வினைப் பேச்சை வாசகர் வட்டத்தில் பெயர் சொல்லி அலசாதீர்கள். நாம் ஆராய்ச்சி என்று நினைப்பது தெருவுக்குப் போய்ச் சேரும்போது இன்னொரு சாட்சியமாகிவிடும். குறிகாரரோ கோடாங்கியோ பெயரைச் சொல்லும் முன்பே ஊரில் அந்தப் பெயர் உலவியதா என்று மட்டும் கவனியுங்கள். மாடு செத்தால் கால்நடை மருத்துவரை அழைத்து, செத்த காரணத்தை எழுதி வாங்குவது பல வாய்களை அடைக்கும். ஒரு பெண்ணை மிரட்டுகிறார்கள், ஊரை விட்டுத் துரத்தப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் 181 என்னும் மகளிர் உதவி எண்ணையோ காவல்துறையையோ அழைக்க வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

பேச்சு பஞ்சாயத்தாக மாறும் நிலை வந்தால், மேரி ஈஸ்டி எழுதிய விண்ணப்பம் கைகொடுக்கும். ரெபெக்கா நர்ஸின் தங்கையான அவர், தன் உயிருக்காகக் கேட்கவில்லை, தான் சாகப்போவது உறுதி, இனியும் குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தப்படாமல் இருக்க வேண்டும் என்று நீதிபதிகளுக்கு எழுதினார். கூடவே ஒரு நடைமுறை யோசனையும் சொன்னார்: பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர்களைத் தனித்தனியே பிரித்து வைத்து, கண்டிப்பாக விசாரியுங்கள். சாட்சிகளை ஒன்றாக நிறுத்தாமல் ஒவ்வொருவராகக் கேட்பது என்னும் இந்த எளிய முறையை 1692இல் ஒரு கைதி நீதிபதிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்கவில்லை, செப்டம்பர் 22இல் அவரும் தூக்கிலேறினார்.

கடைசிப் பத்தி

நோட்டில் கடைசியாக இன்னொரு பத்தி வரையுங்கள்: பெயர் எப்போது, யாரால் துடைக்கப்பட்டது. அக்டோபர் இறுதியில் ஆளுநர் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். ஆவியுருவில் வந்து வதைத்தாள் என்னும் சாட்சியம் மதிப்பிழந்தது. 1697 சனவரி 14 அன்று நோன்பு நாள் கடைப்பிடிக்கப்பட்டபோது, நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் தேவாலயத்தில் எழுந்து நின்று, தன் பழியைத் தான் ஏற்பதாக எழுதிக் கொடுத்ததைப் பாதிரியாரைக் கொண்டு வாசிக்கச் செய்தார். நடுவர்கள் பன்னிருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் கேட்கவில்லை. குற்றம் சாட்டிய சிறுமிகளில் ஆன் புட்னம் ஒருத்தி மட்டும் 1706இல் ஊரார் முன் மன்னிப்புக் கேட்டாள். 1711இல் பலருடைய தண்டனைகள் நீக்கப்பட்டு, குடும்பங்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது. விடுபட்ட சில பெயர்களுக்காக 1957லும் 2001லும் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் மீண்டும் தீர்மானம் இயற்ற வேண்டியிருந்தது.

அப்போதும் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. இளைய எலிசபெத் ஜான்சன், ஆண்டோவர் ஊரினர், 22 வயதில் குற்றம் சாட்டப்பட்டு ஒப்புக்கொண்டவர். தண்டனை விதிக்கப்பட்டாலும் ஆளுநரால் பிழைத்தவர். 1711ஆம் ஆண்டுப் பட்டியலில் தன் பெயர் இல்லையே என்று மறு ஆண்டே விண்ணப்பித்தார்; அது நிறைவேறவில்லை. ‘ஆம்’ என்று சொன்னவருக்கு உயிர் மிஞ்சியது, பெயர் மிஞ்சவில்லை. அந்த ஊர்ப் பக்கத்து எட்டாம் வகுப்பு மாணவர்கள் தம் ஆசிரியையோடு சேர்ந்து பழைய காகிதங்களைப் படித்து, சட்டமன்ற உறுப்பினரை அணுகி, 2022 ஜூலையில் அதை நிறைவேற்றினார்கள். 1692 முதல் 2022 வரை, 330 ஆண்டு. எங்கள் நோட்டில் அவர் பெயருக்கு நேரே கடைசிப் பத்தியில் அந்த வகுப்பைத்தான் எழுதியிருக்கிறோம். அதற்குக் கீழே, குறவர் பதிவேட்டிலிருந்து நாங்கள் எடுத்தெழுதிய வரிகளில் அந்தப் பத்தி இன்னும் வெறுமையாக இருக்கிறது.